தை மாதத்தில் செய்துவைத்த நாற்பது ஜெபங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

ஜவ்வாது மலையில் புளி இறங்கும் பருவத்தில் எந்த வீட்டிலும் பகலில் ஆள் இருப்பதில்லை என்பதைத் தாங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டுகிறேன். மாசி பிறந்ததும் ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் கீழே பொறுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுப்பார்கள். எனக்கு ஒன்பது வயதான ஆண்டில், ஐம்பதுகளின் இறுதியில், என் தாயாரின் பேறுகாலமும் அதே பருவத்தில் அமைந்தது. முந்தைய பேற்றில் குழந்தை தங்கவில்லை. தாயார் பிழைத்ததும் அரிதாகவே இருந்தது.

ஆகையால் அவர் தை மாதத்திலேயே ஆயத்தமானார். நாள்தோறும் விடியலில் சாமை குத்தி ஏழு பானைகளில் நிரப்பி, வாயை மண்ணால் பூசினார். விறகைக் கூரையடியில் அடுக்கினார். பழம்புடவைகளை வெந்நீரில் அலசி மடித்துவைத்தார். பக்கத்து ஊர் மருத்துவச்சியும் புளி பொறுக்கப் போய்விடக்கூடும் என்பதால், அவர் வீட்டுக்கும் ஒரு பானை சாமை அனுப்பி, ஊரைவிட்டு நகராதிருக்கச் சொல்லிவைத்தார்.

எங்கள் ஊரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகள் இரண்டே. மற்றொரு வீடு, என் தந்தையாரின் தமக்கையான அத்தையுடையது. அவர் பானைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, உங்க வூட்டுக்குப் பட்டாளம் வருதா?" என்றார்.

"பட்டாளம் இல்லீங்க அண்ணி. ஒரே ஆளுதான். ஆனா அது சொல்லிட்டு வராது."

"கர்த்தர் பாத்துக்குவாருன்னு ஜெபத்துல சொல்றே. அப்புறம் இத்தினி பானை எதுக்கு?"

"பாத்துக்குவாருங்க. அவரே வந்து சாமை குத்திக் குடுக்க மாட்டாரு."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கோ தாயாரைக் குறித்துப் பெருமை பொங்கியது. நானும் ஏதேனும் முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும் என்று உறுதி கொண்டேன். முந்தைய ஆண்டுப் புளிப் பருவத்தில் அலுப்பு மிகுந்து எங்கள் குடும்ப ஜெபம் நின்றுபோனது; ஜெபத்தின் நடுவே தந்தையார் குறட்டை விட்டதும் உண்டு. எனவே வரவிருந்த நாற்பது நாள்களுக்கான ஜெபங்களையும் இப்போதே முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில், நாளொன்றுக்குப் பத்து வீதம் முழங்காலிட்டேன். தந்தையார் மரத்திலிருந்து விழக் கூடாது, தாயாருக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், ஆமென். ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்கச்சியில் போட்டேன். கடைசிப் பத்தை மிக விரைவாகச் சொன்னேன் என்பதை இங்கே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

மாசியில் ஒரு நண்பகலில் தாயாருக்கு வலி கண்டது. தந்தையார் இரண்டு சரிவுகளுக்கு அப்பால் மரத்தின் மேல் இருந்தார். நான் ஓடிச் சென்றபோது மருத்துவச்சி, சொன்ன சொல் தவறாமல், தம் வீட்டிலேயே இருந்தார். அத்தையும் வந்து சேர்ந்தார். விறகு, துணி, எண்ணெய் யாவும் அவர் தேடுவதற்கு முன்பே கைக்குக் கிடைத்தன. அன்று அவர் ஒரு குத்தல் மொழியும் பேசவில்லை.

வெயில் சாய்ந்தும் குழந்தை வரவில்லை. மருத்துவச்சியின் பேச்சு குறைந்தது. அத்தை வாசலுக்கு வந்து, "இன்னாடி நிக்கிறே? போய் முட்டி போட்டு ஜெபம் பண்ணு" என்றார்.

"பண்ணியாச்சு அத்தை. நாப்பது நாளுக்கும் தை மாசமே பண்ணி வெச்சிட்டேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "உன் பொண்ணு சாமிகிட்டயும் முன்கூட்டியே சொல்லி வெச்சிட்டாளாம், கேட்டியா?" என்று மருத்துவச்சி உள்ளே தாயாரிடம் சொன்னார். அந்த வேதனையிலும் தாயார் சிரித்த ஒலி எனக்குக் கேட்டது.

"கொட்டாங்கச்சியில எண்ணி வெச்சியே, அத எடுத்துட்டு வா" என்றார் தாயார் என்னிடம். "நாப்பதையும் இன்னிக்கே செலவு பண்ணிடலாம். நாளைக்கி வேற பண்ணிக்கலாம்."

நான் கொட்டாங்கச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட்டைகளைக் கைப்பிடி அளவு அள்ளி அவர் இறுக மூடிக்கொண்டார். வாசலில் நான் முழங்காலிட்டேன். இம்முறை எதையும் எண்ணவில்லை. விளக்கேற்றும் வேளையில் என் தம்பி பிறந்தான். புளித் தூசி படிந்த தலையோடு ஓடிவந்த தந்தையாரிடம், என் சேமிப்பே இருவரையும் காத்தது என்று நானே அறிவித்தேன். எவரும் மறுக்கவில்லை.

நாற்பது நாள் கழித்துத் தாயார் எழுந்து நடமாடியபோது, தகரப்பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு நீலப் பாவாடை எடுத்துத் தந்தார். அதே துணியில், தை மாதத்திலேயே கையால் தைத்துவைத்த வேறு இரண்டும் அடியில் இருந்தன. ஒன்று என் கால்களுக்குக் கீழே புரண்டது; மற்றொன்று வயதுக்கு வந்த பெண்ணின் அளவு.

"இது யாருக்கும்மா?"

"உனக்குத்தான். நீ வளர மாட்டியா?"

எனக்கு மூன்று பாவாடைகள் என்று ஊரெங்கும் சொல்லித் திரிந்தேன். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உடுத்தினேன். மூன்றாவதற்கு இடுப்பு நாடா கோத்துத் தந்தவரும் அவரே. அந்த மூன்றாம் பாவாடையை நான் உடுத்தும் ஆண்டில் தாம் உயிரோடு இல்லாமற்போகலாம் என்று எண்ணியே அவர் அதைத் தைத்துவைத்தார் என்பது மட்டும் எனக்கு அன்று தெரியாது.

இந்த விவரத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.