வில்ஃபின் நான்காவது தட்டு

நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இது நடந்தது. நான் டிரம் அடிப்பவன். பேய்க்கதை கட்டும் அளவுக்கு எனக்கு மூளை போதாது என்று என் மனைவியே சொல்வாள். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. அதுவும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

1963, லிவர்பூல். எங்கள் குழுவின் பெயர் டைட்மார்க்ஸ். அப்போது ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கிடார்க்காரன் மேல்தான் விழ வேண்டும். அத்தனை குழுக்கள். நாங்கள் நால்வர். பேஸ் கிடார் வாசித்த வில்ஃப் ரிம்மர் ஐந்து வயதிலிருந்து என் நண்பன்.

பாட்டைத் தொடங்க நான்கு வரை எண்ணிக் கொடுப்பது டிரம்மரின் வேலை. எனக்கோ அவசரப் புத்தி, நான்காவதை முந்திவிடுவேன். அதனால் வில்ஃப்தான் எண்ணுவான். வாயால் அல்ல, காலால். ஷூவின் குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருப்பான். டக்... டக்... டக்... பிறகு ஒரு மூச்சு தாமதித்து, டக். எங்கள் பாட்டின் உயிரே அந்தத் தாமதத்தில்தான் இருந்தது.

பிப்ரவரியில் லண்டன் இசைத்தட்டு கம்பெனி ஒன்று ஒரு திங்கள்கிழமை ரெக்கார்டிங்குக்கு எங்களைக் கூப்பிட்டது. மேனேஜர் பிராடி என்னைத் தனியாக அழைத்தார்.

"வில்ஃபுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, வழுக்கை வேற விழுது... டிவிக்கு ஆகாதுப்பா. அவனுக்குப் பதிலா கீத்துன்னு ஒரு பையனை வாசிக்கச் சொல்லிட்டேன். வில்ஃப்கிட்ட நீயே சொல்லிடு, டெஸ். உன் சிநேகிதன்தானே?"

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். லண்டனுக்கென்று மேடைக் கோட்டில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"ரெக்கார்டிங் புதன்கிழமைக்குத் தள்ளிப் போச்சுடா. திங்கள்கிழமை வழக்கம்போல மத்தியான ஆட்டம்தான்."

"அப்பாடா! இதைத் தைச்சு முடிக்க நேரம் கிடைச்சுது. திங்கள்கிழமை லேட்டா வராதே, எருமை."

மத்தியான ஆட்டம் என்றால், நிலவறை கிளப்பில் நாங்கள் வாசிக்க, ஆபீஸ் பெண்கள் சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்து கேட்பது. அவன் அங்கே போவான். நாங்கள் லண்டனில் இருப்போம். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கள்கிழமை. லண்டன். 12.35க்கு மைக்குகளைச் சரிசெய்து முடித்தார்கள். பட்டப்பகல். பேய்க்கு உரிய நேரமே இல்லை.

முதலில் வாடை. ஈரச் சுவர், வியர்வை, பினாயில்... எங்கள் நிலவறையின் வாடை. நாங்கள் இருந்ததோ மூன்றாம் மாடியில்.

கீத் தன் கிடார் வாரைத் தடவினான். "இது ஏன் ஈரமா இருக்கு?"

12.40. குச்சியைத் தூக்கினேன்.

டக்... டக்... டக்...

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தயாரிப்பாளர் கத்தினார். "யாருய்யா காலைத் தட்டுறது? எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க!"

கழற்றினோம். சாக்ஸ் காலுக்குக் கீழே தரை சில்லிட்டது.

12.46. மறுபடியும்.

டக்... டக்... டக்...

யார் காலும் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காத்திருந்தேன்...

டக்.

என் கைகள் தாமாக அடித்தன. இரண்டரை நிமிடம். அப்படி நாங்கள் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

"அந்தத் தட்டு இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு," என்றார் தயாரிப்பாளர்.

இரவு 9.20க்கு ரயில் லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்குள் நுழைந்தது. வில்ஃபின் அக்கா மோரீன் நின்றிருந்தாள். கையில் அவன் கண்ணாடி.

"டெஸ் வந்துருவான், நிச்சயமா வருவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தானாம். அப்புறம், நான் ஆரம்பிச்சா ஓடி வந்துருவாங்கன்னு தனியா மேடையேறிட்டான். அப்போ மணி பன்னிரண்டு நாற்பது. மூணு தட்டு தட்டினானாம். நாலாவதுக்குக் காலைத் தூக்கும்போது மைக்கைப் பிடிச்சிருக்கான்..."

நிலவறை ஈரம். பழைய ஒயர். கரண்ட் அவனை அங்கேயே முடித்துவிட்டது. அந்த மைக்கை ஈரக் கையோடு தொடாதே என்று ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஞாபகப்படுத்துவது நான்தான்.

"அவன்கிட்ட எதுக்குடா புதன்கிழமைன்னு சொன்னே?" என்று மோரீன் கேட்டாள்.

இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் போனது. அங்கே பையன்கள் கார் ஷெட்டுகளில் கூடி எங்கள் பாட்டையெல்லாம் வாசித்துப் பழகினார்கள். 1965இல் நாங்களே ஒஹையோவுக்குப் போனோம். எங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்க உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர். மாலை ஒத்திகையில் எங்கள் பாட்டைத்தான் எடுத்தார்கள்.

டக்... டக்... டக்... டக்.

நான்காவது தாமதமாக வந்தது.

அவர்கள் கால்களைப் பார்த்தேன். நால்வருக்கும் ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ. மேடை முழுக்கக் கம்பளம்.

"யாரு தட்டினது?"

உயரமான பையன் சிரித்தான். "நாங்க இல்ல சார். உங்க பாட்டை எடுத்தாலே தானா வரும். பக்கத்து ஊர்ப் பசங்களுக்கும் அப்படித்தான். நாலாவது வர்ற வரைக்கும் காத்திருப்போம், அவ்வளவுதான்."

எனக்கு அழுகை முட்டியது. முகம் தெரியாத பையன்களுக்கெல்லாம் வில்ஃப் எண்ணிக் கொடுத்துக்கொண்டு... நாங்கள் ஓடி வந்துவிடுவோம் என்று...

மறுபடி தொடங்கச் சொன்னேன்.

டக்... டக்... டக்...

அந்த இடைவெளியில் சொன்னேன்.

"வில்ஃப்... புதன்கிழமை இல்லடா. திங்கள்கிழமைதான். நான் பொய் சொன்னேன். உன்னை விட்டுட்டுப் போயிட்டோம்டா."

பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மணி 4.17.

காத்திருந்தோம்.

வரவில்லை.

அதன்பிறகு ஒரு தட்டுகூடக் கேட்பதில்லை என்று அந்தப் பையன்கள் கடிதம் போட்டிருந்தார்கள். நான் ஊர் திரும்பியதும் எங்கள் இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். ஆயிரம் முறை கேட்டதுதான். முள் கரகரத்தது. பாட்டு நேராகத் தொடங்கிவிட்டது. முன்னால் ஒன்றுமே இல்லை.

நாங்கள் அவனை விட்டுப் போனது நான் சொல்லும் வரை அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இப்போது நான்தான் எண்ணுகிறேன். நான்காவதை இன்றும் முந்திவிடுகிறேன்.