டயருக்குத் தடவிய தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெயும் டயர் ரப்பரும் சேர்ந்தால் ஒருவிதத் திகட்டலான வாடை வரும். அதை முகர்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன், பத்து வயதில், பொம்மசந்திராவில், ஓர் ஆயுத பூஜைக் காலையில்.

அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். ஞாயிறுதோறும் தன் பைக்கைக் கழுவுவார். ஓட்டிவந்த சூடு ஆறும்வரை அதன்மேல் தண்ணீர் படவிடமாட்டார், சைலன்சர் வாயில் துணி அடைப்பார், துடைத்து முடித்ததும் மெதுவாக உருட்டிப் பிரேக்கை நாலைந்து தடவை பிடித்துப் பார்ப்பார். "பிரேக்கு காயாம வண்டியில ஏறவே கூடாது" என்று ஓயாமல் சொல்வார். எண்ணெய்த் துணி செயினைத் தாண்டி வேறெங்கும் போகாது. இத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

எதிர்வீட்டு மஞ்சண்ணா பூஜைக்காகத் தன் பைக் டயருக்கு எதையோ பூசிக் கன்னங்கரேலென்று மின்ன வைத்திருந்தார். எங்கள் டயர் சாம்பல் பூத்துக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை பைக்கைக் கழுவி நிறுத்திவிட்டு அப்பா குளிக்கப் போன நேரத்தில், அம்மாவின் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, ஸ்டாண்டில் நின்ற பைக்கின் பின்சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பக்கவாட்டில் தடவி, ஆசை அடங்காமல் தரையில் படுகிற பகுதிக்கும் தடவினேன். திரும்பி வந்த அப்பா, "நல்லாத் தொடச்சிருக்கியே, என்னமா மின்னுது!" என்று என் தலையைத் தட்டினார்.

சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு அந்தச் சவாரி என்றால் உயிர். தெருமுனையில் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, அம்மாவுக்கு முகவாயில் மூன்று தையல்.

தூக்க ஓடிவந்த மஞ்சண்ணா, தன் கன்னடம் கலந்த தமிழில், "திருஷ்டி சார், அஷ்டே! வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்ல மஞ்சு, பிரேக்கு காயறதுக்குள்ள எடுத்துட்டேன். என் தப்புதான்" என்றார் அப்பா. நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

மறுநாள் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக அந்த டயரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மாவுக்கட்டோடு வாசலுக்கு வந்த அப்பா, உள்ளே திரும்பி அம்மாவிடம், "பாத்தியா, எனக்கு முடியலன்னு எம்பொண்ணே வண்டி கழுவுறா" என்று பூரித்துப் போனார். அவமானத்தில் நான் நிமிரவே இல்லை. அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவர் அம்மாவைப் பைக்கில் ஏற்றவே இல்லை. "நா மட்டும் விழுந்தா பரவால்ல" என்பார். அத்திபெலேயில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது நானும் அம்மாவும் பஸ்ஸில் போவோம், அப்பா பைக்கில் பின்னாலேயே வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே வருவாள். நான் மட்டும் பார்க்கமாட்டேன்.

அந்தப் பைக் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான் இப்போது குடியிருக்கும் தெருவில் யாரும் வாசலில் வண்டி கழுவுவதில்லை, நானும் என் ஸ்கூட்டரைக் கடையில்தான் கழுவக் கொடுக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பாவிடமிருந்து போன் மட்டும் தவறாமல் வரும். இந்த வருஷமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுப்பேன்.

"பிரேக்கு காஞ்சுதான்னு பாத்துட்டு ஏறு கண்ணு. அன்னிக்கு நான் பாக்கல, உங்கம்மா மூஞ்சில தழும்பு விழுந்துச்சு" என்பார்.

"சரிப்பா" என்பேன்.