ஓர் ஆளுக்கு உலை

என் மகள் ஃப்ரிட்ஜிலிருந்து ஒன்பது டப்பாக்களை எடுத்துச் சமையல் மேடையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். இரண்டு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. குளுக்கோஸ் ஏற்றிய இடத்தில் ஒட்டிய பஞ்சைக்கூட இன்னும் பிய்த்துப் போடவில்லை.

"இது எந்தக் கெழம சாம்பாருபா?"

"செவ்வா."

"இன்னிக்கு என்னா கெழம?"

அன்று திங்கள்.

ஒன்பதையும் கொட்டிக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே பேசும் குரலிலேயே என்னிடமும் பேசினாள். "இப்ப பத்து நாளு எங்கூட வந்து இரு. ஒடம்பு தேறட்டும். அப்பறம் ஒரு மாசம் டைம் தர்றேன். சொல்லாம கொள்ளாம ஒரு நாளு வருவேன். நீ ஒழுங்கா ஆக்கித் தின்னுக்கினு இருந்தா சரி. இல்லன்னா இந்த வூட்டப் பூட்டிட்டு எங்கூடவே வந்துடணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இதில் கேவலம் என்னவென்றால், நான் சமையல்காரன். திண்டிவனத்தில் ஒரு மாணவர் விடுதியில் முப்பத்தொரு வருஷம் எண்பது பையன்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவன். வீட்டில் மட்டும் என் மனைவி என்னை அடுப்பருகே விடமாட்டாள். "ஆஸ்டல்ல கிண்டுற கரண்டிய இங்க தூக்காத" என்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதன்பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எனக்குச் சமைக்கத் தெரியும், ஓர் ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சாம்பார் ஆறு பேருக்கு வந்து நிற்கும். உப்பை அள்ளித்தான் பழக்கம், கிள்ளிப் பழக்கமில்லை. மிஞ்சியதைக் கொட்ட மனசு வராது. டப்பாவில் அடைத்து உள்ளே வைப்பேன். மறுநாள் அதிலேயே இரண்டு முருங்கைக்காய் போட்டுக் கொதிக்கவைப்பேன், அதற்கு மறுநாள் கொஞ்சம் புளி. கோடையில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் சாப்பிட்டதில்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது.

விழுப்புரத்தில் மகள் வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், மருமகன், இரண்டு பிள்ளைகள், அவள். என்னையும் சேர்த்து ஏழு. மரியாதைக்குக் குறைவில்லை, சாப்பாட்டிலும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் நாள் காலை, குழம்பு கொதிக்கிற வாசனைக்குக் கால் தானாக உள்ளே போயிற்று. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மகளின் மாமியார் என் கையிலிருந்து மூடியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க போயி உக்காருங்க. டிவி பாருங்க. ஆனதும் கூப்புடுறோம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டபோது எழுந்து போய்ச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, இங்கே வந்தால் சாகிற வரைக்கும் கரண்டியைத் தொட முடியாது. எனக்கு அந்த வாந்தியைவிட இது பயமாக இருந்தது.

திண்டிவனம் திரும்பியதும் முதல் வேலையாகப் பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றினேன். மனைவி காபி குடிக்கும் டம்ளர்தான் இனி அரிசிக்கு அளவு. அவள் உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் மாதா கோயிலுக்கென்று ஒரு கைப்பிடியைத் தனியாகப் போடுவாள். ஒரு டம்ளரில் கைப்பிடியை எடுத்தால் எனக்குப் பாதிதான் மிஞ்சும். அதனால் மூன்று விரலால் கிள்ளிப் போட்டேன். ஃபாதரும் தனியாகச் சாப்பிடுகிற ஆள்தான், புரிந்துகொள்வார்.

காய்கறிக் கடைக்காரனிடம் இரண்டு கத்தரிக்காய், ஒரு தக்காளி என்று கேட்டால், "என்னா பெரியவரே, சாம்பிளுக்கா?" என்பான். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மீன்காரம்மாவிடம் ஒரே ஒரு சங்கரா கேட்டேன்.

"ஒன்னா? பூனைக்கா?"

"ஆமா. கெழட்டுப் பூனைக்கு."

முதல் வாரம் ரசமும் அப்பளமுமாகவே ஓடியது. வீணாகவில்லை, வாய்தான் செத்துப்போயிற்று. தட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. இப்படியே போனால் சமைப்பதையே விட்டுவிடுவேன், மகள் என்னை இழுத்துக்கொண்டு போக அதுவே போதும். அப்புறம்தான் மெல்லப் பிடிபட்டது. ஒரு பிடி பருப்பை வேகவைத்தால் மேல் தண்ணீர் மத்தியான ரசத்துக்கு, அடியில் இருப்பது ராத்திரிக்குக் கீரையோடு கடைசலுக்கு. அரை மூடித் தேங்காயில் பாதி துவையலுக்கு, பாதி மறுநாள் குழம்புக்கு. சட்னிக்கு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஓர் ஆளுக்கு மிக்ஸியில் போட்டால் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். அம்மியில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். கேப்பை மாவில் முருங்கைக்கீரை போட்டு ஒரே ஓர் அடை. அதே மாவில் மறுநாள் கூழ், கடித்துக்கொள்ள ஒரு துண்டு சுட்ட கருவாடு. எண்பது பேருக்கு ஆக்கும்போது இந்த ருசியெல்லாம் என் கைக்கு வந்ததேயில்லை.

ஆனாலும் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். கேட் சத்தம் கேட்டால் கரண்டி கையிலேயே நிற்கும். மத்தியானம் போன் வரும். "என்னா சாப்ட்ட?" நான் உள்ளதைச் சொல்வேன், "மெய்யாவா?" என்பாள். நம்பவில்லை என்று அர்த்தம். இரண்டாவது வாரம் ஒரு நாள் யோசனையில் மூன்று டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். சோறு மிஞ்சினால் மாட்டிக்கொள்வோமே என்று மொத்தத்தையும் தின்று தீர்த்தேன். வயிறு கல்லானது. இதனாலேயே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன் என்று சாயங்காலம் வரை வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இருபத்தாறாவது நாள் அவள் வந்தாள்.

பன்னிரண்டரை மணி இருக்கும். அப்போதுதான் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் தட்டில் போட்டு, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். செருப்பைக் கழற்றியவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், அரை எலுமிச்சம்பழம், ஒரு தயிர் பாக்கெட். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஒரு டப்பா இல்லை, பார்த்துக்கொள் என்று நின்றேன்.

அவள் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"எத்தினி நாளாப்பா சாப்புடல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பா நிறைந்திருந்தால் குற்றம் என்று இவளே சொன்னாள். காலியாக இருந்தால் பட்டினி கிடக்கிறேன் என்கிறாள். "ஏன், சாப்புட்டுக்கினுதான் இருக்கேன். அதோ தட்டுல இருக்குது பாரு."

"நான் வர்றேன்னு எவனோ சொல்லிட்டான். அதுக்காவ ஆக்கி வச்சிக்கினு நடிக்கிற. சட்டி எல்லாம் காலியா கவுந்து கெடக்குது." ஃப்ரிட்ஜை அறைந்து சாத்தினாள். "கெளம்புபா. துணிய எடு."

கத்தவேண்டும் போல வந்தது. ஆனால் அவள் யூனிஃபார்மில் இருந்தாள், உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் என்று ஒரு சமையல்காரனுக்குத் தெரியும். தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"மொதல்ல சாப்புடு. அப்பறம் இட்டுக்கினு போ."

மறுக்கத்தான் நினைத்தாள். உட்கார்ந்துவிட்டாள். முதல் கவளம் உள்ளே போனதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு நிற்கவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டாள். நான் சுவரில் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதாபா?"

இல்லை. ஒரு பருக்கை இல்லை. நீட்டிய தட்டுக்கு எந்தப் பையனிடமும் நான் இல்லை என்று சொன்னதில்லை. என் பிள்ளையிடம் சொன்னேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. "பத்து நிமிசம் இரு, ஒல வைக்கிறேன்" என்று டம்ளரை எடுத்தேன்.

"வாணாம்பா. ரெண்டு மணிக்கு டூட்டி, பஸ்ஸப் புடிக்கணும்."

எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இங்கியே இருப்பா. எங்கியும் வர வாணாம்."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"எல்லாரும் தின்னப்பறம் சட்டியில என்னா ஒட்டிக்கினு இருக்குதோ அதான் எனக்கு. நேத்து மிஞ்சினது, முந்தாநாளு மிஞ்சினது. கொட்ட மனசு வராது. சுடச்சுட ஒரு தட்டு நான் தின்னு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

குழாயை மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் பத்து நாள் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பரிமாறியது அவள்தான். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று நான் ஒரு வேளைகூடப் பார்க்கவில்லை.