ஒரு நாள் முந்திய கப்பல்

கப்பல் ஒரு நாள் முன்னதாகப் புறப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே என் கணவரிடம் சொல்லாமல் மறைத்தேன். அதனால் அவர் தம் தகப்பனாருக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போயிற்று. இதுதான் நான் செய்தது.

மறந்துபோனேன் என்று எனக்காக ஒரு சாக்கைத் தேடாதீர்கள். காதில் சரியாக விழுந்திராது என்று சமாதானம் சொல்லவும் வேண்டாம். நன்றாக விழுந்தது! உங்கள் இரக்கத்தை எதிர்பார்த்து நான் இதை எழுதவில்லை. நீங்கள் யாரோ, நான் யாரோ... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வாக்கப்பட்டது ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். அதைத் தாண்டி உலகம் இருக்கிறது என்று தெரியும். போய்ப் பார்க்கும் ஆசைதான் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவருக்கு வந்தது. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் குமாஸ்தா. தொண்ணூறுகளின் தொடக்கம், எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். வெள்ளைக்காரர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தீவு தீவாக அலைகிறார்கள் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்துவிட்டார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் போய் காக்கிக் கான்வாஸில் இரண்டு பைகள் தைத்து வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்று... எனக்கு!

"அந்தமான் போறோம். லாட்ஜு கெடையாது, ஓட்டலு கெடையாது. கெடைக்கிற எடத்துல படுக்கோம், நாமளே பொங்கித் திங்கோம்" என்றார். என்னைக் கேட்கவில்லை. அறிவித்தார்.

மாமனார் எங்களோடுதான் இருந்தார். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவரைக் காட்டிப் பயணத்தைத் தடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவரோ, "நான் என்ன பச்சப் புள்ளையா? ரெண்டு தெரு தள்ளி மக இருக்கா, சோறு குடுத்து விடுவா. போயிட்டு வாங்க தாயி" என்றார். அப்போது அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். பங்க் வகுப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? கப்பலின் அடிவயிற்றில் அடுக்கடுக்காக இரும்புக் கட்டில்கள். எண்ணெய் வாடை, வேர்வை வாடை. மூன்று நாளும் வாந்தி எடுத்தேன். அவர் எடுத்து வந்திருந்த சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ் பைக்குள்ளேயே ஒழுகி, அரிசி, அவல், என் இரண்டு புடவைகள் எல்லாம் நனைந்துபோயின. போர்ட் பிளேரில் இறங்கியபோது என் மேலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்!

பிறகு மழை. படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு நாள், படகுத்துறைக் கொட்டகையில் மூன்று நாள். மணல் ஈக்கள் கடித்து என் கால்கள் தடித்துச் சீழ் வைத்தன. மண்ணெண்ணெய்ச் சோற்றை அவர் சிரித்துக்கொண்டே தின்றார். எனக்கு நேர்ந்த துன்பமெல்லாம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு வெறுத்தேன்!

ஒருநாள் மாலை கல்கத்தாவிலிருந்து வந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்களிடம் தம் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கப்பலைப் பற்றித் திரும்பியது. வயிற்றைப் பிடித்து, கண்ணைச் செருகி, நாக்கை நீட்டி, நான் வாந்தி எடுத்த விதத்தை நடித்துக் காட்டினார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நான்கு அடி தள்ளி உட்கார்ந்து காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான் காரணம். இதற்கா என்று கேட்கிறீர்களா? இதற்குத்தான்!

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் கடற்கரையோரமாக எங்கோ நடக்கப் போயிருந்தார். துறையில் டீக்கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ரேடியோவுல சொன்னாக. கப்பலு வெள்ளிக்கெழம இல்லையாம், வியாழக்கெழமையே கெளம்புதாம். நாளைக் காலைல படகப் புடிச்சிருங்க. அண்ணங்கிட்டச் சொல்லிருங்க, என்ன?"

"சரிண்ணே" என்றேன்.

சென்னைக்குத் திரும்பும் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு வியாழக்கிழமைப் படகு என்று என் கணவர் போட்டிருந்த கணக்கு எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கப்பலப் பத்தி ஏதும் சேதி உண்டா?"

கேட்டார்! அவர் கேட்கவே இல்லை என்றால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். கேட்டார்...

"ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

ஒரு தடவையாவது அவர் தோற்க வேண்டும். திட்டம் போட்டவரின் முகத்தில் அசடு வழிய வேண்டும். அடுத்த கப்பல் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், அதுவரை திண்டாடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவே நினைத்தேன்.

ஆனால் பொய்யோடு நிற்கவில்லை நான். புதன்கிழமை அவர் டீக்கடைப் பக்கம் போனால் குட்டு உடைந்துவிடுமே! விடிந்ததும் நானே சொன்னேன்: "அந்தக் கோடியில ஒரு கடக்கரை இருக்குன்னு சொன்னீங்களே... அங்க போவோமா?"

பயணம் முழுவதிலும் நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் அதுதான். அவர் முகம் மலர்ந்தது. "ஏட்டி, இப்பத்தான் ஒனக்குக் கடலு புடிச்சிருக்கு!" என்றார். என் பையையும் சேர்த்து அவரே சுமந்தார். நாள் முழுக்க என் கையைப் பிடித்து அலையில் நிற்க வைத்தார். படகு போய்விட்டிருக்கும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு துளிகூடக் கூசவில்லை.

வியாழக்கிழமை படகு கிளம்பும் நேரம்வரை அவரை டீக்கடைப் பக்கம் அண்டவிடவில்லை. பிற்பகல் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தோம். கப்பல் நண்பகலிலேயே போய்விட்டிருந்தது. அடுத்தது பதினேழு நாள் கழித்து என்றார் துறைமுகக் குமாஸ்தா.

அவர் பையின்மேல் உட்கார்ந்துவிட்டார். அசடு வழிந்தது, நான் விரும்பியபடியே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "என் தப்புதான். நாந்தான் சரியா விசாரிக்காம இருந்துட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது வெட்கத்தால் அல்ல. சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று!

அக்காவுக்கும் கம்பெனிக்கும் தந்தி அடித்தார். பதில் அனுப்ப எங்களுக்கு விலாசம் ஏது? ஒரு நாள் கோயில் மண்டபம், ஒரு நாள் துறைமுகக் கூடம். அந்தப் பதினேழு நாளில் ராஜபாளையத்தில் நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

ஊர் திரும்பி, முதுகில் பையோடு தெருமுனை திரும்பியபோதே பெண்கள் எங்களைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டு வாசலில் மதினி நின்றிருந்தாள், அவருடைய அக்கா.

"வந்துட்டியாலே? ஊரு சுத்தி முடிஞ்சிருச்சா?" என்றாள். "அப்பா போயி இன்னியோட பன்னெண்டு நாளாச்சு. நெஞ்சு வலின்னு ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தாவ. உசுரு போற வரைக்கும் அவிய ஒன்னயத்தாம்லே கேட்டாவ. நீ உசுரோட இருக்கும்போது சித்தப்பா மகன் கொள்ளி வச்சான்லே!"

அவர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டார். "கப்பல விட்டுட்டேன்க்கா... நாந்தான் விட்டுட்டேன்."

நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். மனம் நாட்களை எண்ணிப் பார்த்தது. அந்தக் கப்பலில் ஏறியிருந்தால், மாமாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கு அவர் வீட்டில் இருந்திருப்பார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வாய் இருந்தது, குரல் இருந்தது... பையை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்!

அதன்பின் ஊர் அவரைத் தின்றது. அப்பனைச் சாகக் கொடுத்துவிட்டுத் தீவு பார்க்கப் போனவன் என்று கம்பெனியிலும் பேசினார்கள். குழாயடியில் பெண்கள் எனக்காக இரங்கினார்கள்: "அவ என்ன செய்வா பாவம், இழுத்த இழுப்புக்குப் போனா." ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அப்பா அவரை முகத்துக்கு நேரே கேட்டார்: "என் மகளையும் சேத்துல்ல கொண்டுபோயிச் சீரழிச்சீரு?" அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து எல்லாம் எனக்குக் கேட்டது. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் பிறகு எங்கும் போகவில்லை. கம்பெனி ஆட்கள் பக்கத்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு ஒருநாள் போய் வரக் கூப்பிட்டாலும் மறுத்துவிடுவார். குரல் தணிந்துவிட்டது. எதற்கும் என்னைக் கேட்டுவிட்டே செய்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். பிறகு? உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது வசதியாக இருந்தது! குற்றவாளி என்று தம்மையே நம்பும் மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எளிது தெரியுமா? அவர் உரக்கச் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் சிரிப்பை ஒழிக்கத்தானே நான் ஆசைப்பட்டேன்?

சீச்சீ என்கிறீர்களா? சொல்லுங்கள். நானும் அதை எனக்குச் சொல்லாத நாளில்லை. உங்களுடையதும் சேரட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், மாமாவின் திதி. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஊரே ஏசுச்சு. எங்கக்கா இன்னிக்கும் ஏசுதா. ஒங்கப்பாவும் ஏசுனாவ. நீ மட்டுந்தான் இத்தன வருசத்துல என்னைய ஒரு வார்த்த சொன்னதில்ல. அதாலதான் நான் உசுரோட இருக்கேன்."

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம்...

"எல போட்டாச்சு. வாங்க" என்றேன்.