முருங்கைக் கொத்தும் ஒரு கல்லும்

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, வேலூரில் நான்கு மணி நேரம் தங்க நேர்ந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆலங்காயம். அப்பாவுக்கு ஜவ்வாது மலைமேல் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு மேலே போய்விட்டோம். நான் படித்த பள்ளியில் பாதிப் பேர் மலைக்காரப் பிள்ளைகள், மீதி எங்களைப் போல அடிவாரத்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் கோகோ டீமுக்கு நான்தான் கேப்டன். நன்றாக ஆடியதால் கொடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாய் அதிகம் என்பதால்தான் கொடுத்தார்கள். உண்மையான ஆட்டக்காரி என் வகுப்பில் படித்த ஒரு மலைக்காரப் பெண். சாமைக் கொல்லையிலும் புளியந்தோப்பிலும் ஓடி வளர்ந்த கால்கள் அவளுடையவை. அவள் துரத்த ஆரம்பித்தால் எதிர் டீம் பெண்களுக்கு மூச்சு முட்டிவிடும். பேச்சு மட்டும் வராது. எங்கே போனாலும் எல்லோருக்கும் பின்னால் கடைசியாகத்தான் வருவாள். கூச்சம் என்று நினைத்து அவளுக்குக் 'கடைசிப் பெட்டி' என்று பட்டப் பெயர் வைத்திருந்தேன். கூப்பிட்டால் சிரித்துக்கொள்வாள், கோபப்பட மாட்டாள்.

வேலூருக்கு வந்ததற்கு முதல் நாள் போளூரில் நடந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தோம். அடுத்தது மறுநாள் காலை மெட்ராஸில். அதற்கு முந்தின இரவு எட்டு மணிக்குள் அங்கே போய், ஒவ்வொருத்தியின் வயதுச் சான்றிதழையும் காட்டிப் பெயர் பதிய வேண்டும். தவறினால் ஆட முடியாது. வழியில் வேலூரில் டீச்சர் ஏதோ ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவர் மதியத்துக்கு மேல்தான் வருவாராம். காலை பதினொரு மணிக்கு இறங்கினோம், மூன்று மணிக்கு பஸ் ஏற வேண்டும்.

எங்களில் பலருக்கு வேலூர் புதிது. நான் நாலைந்து முறை வந்தவள். அது போதாதா? டீச்சரை விடாமல் நச்சரித்தேன். கோட்டையைப் பார்க்க வேண்டும், பன்னீர் சோடா குடிக்க வேண்டும், முக்கியமாக ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் டீச்சர் இறங்கி வந்தார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம், சரியாக இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு என்றார். பொறுப்பு என்ற வார்த்தை அன்று எனக்கு மாலை போட்ட மாதிரிதான் கேட்டது. சான்றிதழ்கள் இருந்த காக்கிப் பையையும் கேப்டன் என்று என்னிடமே கொடுத்தார்.

ஐந்து பேர் கிளம்பினோம். நான், மலைக்காரப் பெண், எட்டாம் வகுப்பில் படித்த சந்தவாசல் சின்னப் பெண், இன்னும் இரண்டு பேர். கோட்டை அகழித் தண்ணீரை எட்டிப் பார்த்தோம். சோடா குடித்தோம். அங்கிருந்து கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் பை தோளை அறுத்தது. திரும்பிக் கூடப் பார்க்காமல் அதைக் கழற்றிப் பின்னால் நீட்டினேன். மலைக்காரப் பெண் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

சந்தை நாள் மாதிரிக் கூட்டம். மூட்டை தூக்குபவர்கள், ரிக்‌ஷாக்கள், நடுவில் மாடுகள். நான் முன்னால் கையை வீசி நடந்தேன். இது எந்தக் கடை, அது எந்தத் தெரு என்று தெரிந்ததையும் தெரியாததையும் அளந்து விட்டுக்கொண்டே போனேன். பின்னால் எல்லோரும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைப்பு.

ஸ்டுடியோ ஒரு மாடியில் இருந்தது. தலை வாரி, பவுடர் பூசி, தாவணியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றோம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார்.

"அஞ்சு பேருன்னு சொன்னியேம்மா. மூணு பேருதானே கீறீங்க?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மலைக்காரப் பெண்ணும் இல்லை, சின்னவளும் இல்லை. படியில் இருப்பார்கள் என்று ஓடினேன். இல்லை. தெருவில் இல்லை. மணி ஒன்று.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. ஐயோ, பை போச்சே என்றுதான் தோன்றியது. பை இல்லாவிட்டால் பன்னிரண்டு பேரும் ஆட முடியாது, டீச்சர் என்னைக் கொன்றுவிடுவார். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பெண்களின் முகமும் நினைவுக்கு வந்தது.

மற்ற இரண்டு பேரையும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினேன். ஒருவேளை அங்கே போயிருக்கலாம். நான் மட்டும் வந்த வழியே திரும்பி ஓடினேன். கடைகடையாகக் கேட்டேன். நீலத் தாவணி, தோளில் காக்கிப் பை, கூட ஒரு சின்னப் பெண். பாத்திரக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வளையல் கடை அம்மா, "இப்பத்தான் ரெண்டு நீலத் தாவணி போச்சே" என்று கை காட்டினார். அந்தப் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தால் அது வேறு பள்ளிக்கூடப் பெண்கள். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி மலையில் கேட்ட கதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முந்தின இரவு வீட்டில் தங்கின சின்னவளை அவள் அம்மா அன்று காலை சந்தவாசலில் பஸ் ஏற்றிவிடும்போது, "பத்திரமா பாத்துக்கோடி" என்று என் கையைத்தான் பிடித்துச் சொல்லியிருந்தார். என்ன பதில் சொல்லுவேன்? நடுத்தெருவில் நின்று அழுதேன். யாரோ ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போம்மா என்றார். போலீஸ் என்றதும் அவரை விட்டு விலகி ஓடினேன்.

கோட்டைக்கு ஓடினேன். சோடாக் கடைக்கு ஓடினேன். மறுபடி கடைத்தெரு. காய்கறிக் கடைகள் முடிகிற ஒரு முனையில் ஒரு ஆடு தரையில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க வரவில்லை. எரிச்சலில் அதைத் தாண்டிப் போகப் பார்த்தவள் நின்றேன். வாடின முருங்கைக் கொத்து அது. அதன் அடிக்காம்பின் மேல் தேங்காய் அளவு கல் ஒன்று இருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால் மலையில் நெல்லிக்காய் பறிக்கக் காட்டுக்குள் போயிருந்தோம். வழி பிரிகிற இடத்தில் எல்லாம் மலைக்காரப் பெண் ஒரு கிளையை ஒடித்துத் தரையில் வைத்தாள். நுனி நாங்கள் போகிற பக்கம் பார்த்திருக்கும். காற்றில் திரும்பாமல் இருக்க அடிக்காம்பின் மேல் ஒரு கல். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு அது அடையாளம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஊரே போற வழிக்கு இன்னாத்துக்குடி அடையாளம்?" என்றேன். மற்றவர்களும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

இப்போது நான் அந்த ஆட்டை விரட்டினேன். கொத்தின் நுனி இடது பக்கத்துச் சந்துக்குள் பார்த்திருந்தது. ஓடினேன். அடுத்த முனையில் இன்னொரு கொத்து, அதன்மேல் கல். வலது பக்கம். யாரும் மிதிக்காமல் சுவர் ஓரமாக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது முனையில் கல் மட்டும்தான் இருந்தது. கொத்தை ஆடு தின்றுவிட்டது. காம்பு கூட மிச்சமில்லை. எதிரே மூன்று சந்துகள் பிரிந்தன.

எந்தச் சந்து? ஒன்றில் நுழைந்து, தப்பாகி, திரும்பி வர நேரமில்லை. மணி இரண்டை நெருங்கியிருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் வந்ததை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கோ!"

ஆட்டத்தில், உட்கார்ந்திருப்பவளைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பக் கொடுக்கிற குரல் அது. சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சைக்கிளில் போனவர் நின்றே விட்டார். மறுபடி கத்தினேன். நடுச் சந்திலிருந்து பதில் வந்தது. மைதானத்தில் நான் ஆயிரம் தடவை கேட்ட குரல்.

"கோ!"

ஒரு பச்சைக் கதவு வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பையை மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே சின்னவள் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். காலில் கட்டு. செருப்பு வார் அறுந்து, வெறுங்காலோடு நடந்தபோது உடைந்த சோடா பாட்டில் சில்லு ஏறிவிட்டதாம். மலைக்காரப் பெண் எனக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். நான்தான் அளந்து விட்டுக்கொண்டு போனேனே, எப்படிக் கேட்கும்? ரத்தம் நிற்காததால் சின்னவளை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய் தேடிச் சந்துக்குள் வந்திருக்கிறாள். ஒவ்வொரு முனையிலும் காய்கறிக் கடை ஓரத்தில் பொறுக்கிய கொத்தை வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டு அம்மா உருதுக்காரர். வாசலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யார் எவர் என்று கேட்காமல் உள்ளே இழுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் முதலில் நிம்மதி. மகளே என்று உருதுவில் கூப்பிட்டார்.

"வந்துட்டியா பேட்டி? ரிக்‌ஷா வெச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புறேன்னு எத்தினி தபா சொன்னேன். இது கேக்கவே இல்ல. உக்காருன்னாலும் உக்காரல. எங்க ஆளு தேடிக்கினு வருவா, நாங்க நகரக் கூடாதுன்னு வாசல்லயே நிக்குது."

எங்க ஆளு. அது நான்தான். பையைப் பற்றி முதலில் கவலைப்பட்ட நான்.

அவள் என்னைத் திட்டவில்லை. "வந்துட்டியா, போலாமா?" என்று பையை நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அம்மாவே ரிக்‌ஷா கூப்பிட்டு, எங்களை ஏற்றி, சந்து முனை வரை கூடவே நடந்து வந்தார். அவர் பேரைக் கேட்கக் கூட எனக்கு அப்போது புத்தி இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டீச்சர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மணி இரண்டரை. சின்னவளின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை வாங்கித் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார். இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராணிப்பேட்டை தாண்டியதும், எப்பவும் ஏன் கடைசியாகவே வருகிறாய் என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்க இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எங்க ஊர்ல காட்டுக்குப் போனா வழி தெரிஞ்சவங்கதான் கடைசியா வருவாங்க. சின்னதுங்க, கால் நோவுறதுங்க எல்லாம் முன்னால கண்ணுல தெரியணும் இல்ல? நீ முன்னாலதான் போவேன்னு நின்ன. பின்னால யாருமே இல்ல. அதான் நான் வந்தேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. நான் மெட்ராஸ் வரை தலை நிமிரவில்லை.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெயர் பதிந்தோம். மறுநாள் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றோம். ஊர் திரும்பி, மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். நான் ஒதுங்கி நின்று எல்லோரையும் முன்னால் விட்டேன். கடைசியில் அவளும் நானும்தான். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக எனக்கு முன்னால் நடந்தாள்.

அந்தப் போட்டோவை நாங்கள் எடுக்கவே இல்லை. பள்ளி முடிந்ததும் அவள் கல்யாணமாகி மலையின் வேறு பக்கம் போய்விட்டாள், நான் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். இப்போது குடும்பத்தோடு கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான்தான் கடைசி. வயசாகிவிட்டது, நடக்க முடியவில்லை என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். பின்னால் வருகிற நான் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வருகிறேன் என்பதும், அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளை நான் கடைசிப் பெட்டி என்று கூப்பிட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.