ஆல்ப்ஸுக்குச் சறுக்கப் போன மூன்று பேர்

போன சனிக்கிழமை காலை வேலைக்குப் போக பார்க் மெட்ரோவில் ஏறினேன். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. இரண்டே தரிப்புத்தான். அதற்குள் மனம் எங்கெங்கோ போய் வந்துவிட்டது. காரணம், அந்தப் பெட்டியில் நின்ற நான்கு கல்லூரிப் பிள்ளைகள். தோளில் பனிச்சறுக்குக் கட்டைகள், கழுத்தில் தொங்கும் பெரிய கண்ணாடிகள், கையில் பிளாஸ்டிக் சப்பாத்துகள். ஒரு பெட்டையின் கட்டை என் தோளில் இடித்தது. "பார்தோன், மிஸ்யூ" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் அதிகம் கதைக்கமாட்டேன். பிரெஞ்சு வராததால் என்று நினைக்காதீர்கள், தமிழிலும் அப்படித்தான்.

அவள் கையிலிருந்த சப்பாத்தின் வாய் என் மூக்குக்கு நேரே இருந்தது. ஈரப் பஞ்சும் பழைய வேர்வையும் மெழுகும் கலந்த ஒரு மணம். அந்த மணத்தை எனக்குத் தெரியும்.

இந்த ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகிவிடுகிறார்கள். நான் மொன்றியலுக்கு வந்து இவ்வளவு காலத்தில் பனியில் சறுக்கியதெல்லாம் கடை வாசலில் உப்புப் போட மறந்த நாட்களில்தான், அதுவும் முதுகு அடிபட. ஆனால் நம்பினால் நம்புங்கள், இருபது வயதில் நான் ஆல்ப்ஸ் மலைக்கு ரயிலில் சறுக்கப் போனவன். முழு உடுப்போடு, கட்டையோடு, முகத்தில் வெள்ளைக் கிறீமோடு.

இத்தாலியில் டூரின் என்ற நகரத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்களை வைத்திருந்தார்கள். மூன்று பேர். நான், குணம் அண்ணை, யோகன். பிரான்சுக்குள் கடத்திவிடுவதாகப் பேச்சு. எங்களைக் கொண்டுபோகிற ஏஜென்சிக்காரரின் சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. 'சின்னவர்' என்பார்கள். ஆள் ஆறடி. அவர் முன்னர் லொறியில் அனுப்பிய ஆட்கள் எல்லாரும் பிடிபட்டுவிட்டார்களாம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"சனிக்கிழமை காலமை பிரான்சுக்குப் போற ரயிலிலை பாதிச் சனம் மலைக்குச் சறுக்கப் போற சனம். பொலிஸ் அகதியைத்தான் தேடுவான். விடுமுறைக்குப் போறவனைத் தேடமாட்டான்."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. எங்களுக்கு அந்த நாட்களில் எது சொன்னாலும் சரியாகத்தான் இருந்தது.

பழைய உடுப்புக் கடையிலிருந்து மூட்டையாக எல்லாம் வந்தது. எனக்குக் கிடைத்த ஜக்கெற் கடுகு நிறம். இடுப்பில் ஒடுங்கி, கழுத்தில் மயிர் வைத்துத் தைத்திருந்தது. பெண்பிள்ளைகள் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. குணம் அண்ணைக்கு விளங்கிவிட்டது. "உனக்கு நல்ல வடிவாக் கிடக்கு, தங்கச்சி" என்றார். அந்தக் கிழமை முழுக்க நான் தங்கச்சிதான். சப்பாத்துகள் கல்லுப் போல. இரும்புக் கொளுக்கிகளைப் பூட்டினால் கணுக்கால் மடியாது. அவற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குள் சுற்றிச்சுற்றி நடந்து பழகினோம். கீழே சலவைக்காரி தும்புத்தடியால் கூரையில் இடிப்பாள். யோகன்தான் முதலில் பழகினான். குதியை முதலில் வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பிறந்ததிலிருந்து மலையில் இருந்தவன் மாதிரி நடந்தான்.

முகத்துக்குக் கிறீம் பூச வேண்டும் என்பதும் சின்னவரின் யோசனைதான். பனி மலையில் வெயில் பட்டால் தோல் எரியுமாம். வெள்ளைக்காரர்கள் அப்பிக்கொண்டுதான் போவார்களாம். கறுப்பு முகத்தை மறைக்க அதைவிட நல்ல சாட்டு உண்டா? கிறீமில் தேங்காய் மணம். இன்றைக்கும் கோடையில் நீச்சல் குளத்துப் பக்கம் போனால் பிள்ளைகளின் தோளிலிருந்து அந்த மணம் வரும். என் கை தானாகவே சட்டைப் பையைத் தடவி, பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கும்.

சின்னவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். விடுமுறைக்குப் போகிறவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டான். காலை நீட்டி இருப்பான். வெளியே பார்ப்பான், பையைப் பார்க்கமாட்டான். மூன்று பேரும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரிக் காட்டக்கூடாது. எல்லாம் சொல்லித் தந்தார். ஒன்றை மட்டும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

யோகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வயதுதான், பக்கத்து ஊர். உயர்தரம் வரை படித்தவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வந்த வழியெல்லாம் விமான நிலையங்களில் ஆங்கிலப் பலகைகளைக் கண்டால் வாய்விட்டு வாசிப்பான், தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி. எனக்காகத்தான் வாசிக்கிறான் என்று இரண்டு நாடு கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அவன் அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. பாரிஸில் அவனுடைய அக்கா இருந்தார். எங்கள் மூன்று பேரையும் தன் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்.

"அக்கா நண்டு வாங்கி வைச்சிருக்கிறாவாம்" என்றான் யோகன், புறப்படுகிற காலையில். "சறுக்கி விழாமல் வந்து சேருங்கோ."

ரயில் நிறையச் சனம். கட்டைகளைப் பெட்டியின் முனையில் ஒரு தட்டில் நிறுத்தினோம், எல்லாருடைய கட்டைகளோடும். எனக்கு எதிரே இருந்த ஒரு கிழவர் தோடம்பழம் உரித்து எனக்குப் பாதி தந்தார். ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வெளியே மலைகள் வரத் தொடங்கின. வெள்ளை வெள்ளையாக, கண் கூசும்படி. உண்மையைச் சொல்கிறேன், ஒரு அரை மணித்தியாலம் நான் விடுமுறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு அரை மணித்தியாலம் அதற்குப் பிறகு வரவில்லை.

அப்புறம் ஒரு நிலையம் வந்தது. எல்லாரும் எழும்பினார்கள். கிழவரும் எழும்பினார். கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கலகலவென்று இறங்கிப் போய்விட்டார்கள். சறுக்குகிற மலை எல்லைக்கு இந்தப் பக்கம், அங்கேயே இருந்தது. சின்னவருக்கு இது தெரியாமல் போய்விட்டது. அவர் ஒருநாளும் அந்த ரயிலில் ஏறியதில்லை. மிச்சம் இருந்தது சில சாதாரணப் பயணிகளும், முகத்தில் வெள்ளை பூசிய மூன்று சறுக்குக்காரரும்.

வண்டி சுரங்கத்துக்குள் போனது. எல்லைக்கோடு அந்த மலைக்குள்ளேதான். பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. முன்கதவு திறந்து ஒருவர் வந்தார். நீலக் கோட், தொப்பி, தோளில் ஒரு பை. பொலிஸ்கூட இல்லை, ரிக்கற் பார்க்கிறவர்.

யோகன் எழும்பி நின்றான்.

எங்கள் ஊரில் ஆமி பஸ்ஸை மறித்து ஏறினால் எழும்ப வேண்டும். தொப்பி இருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். எழும்பச் சுணங்கினவனைத்தான் முதலில் இறக்குவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதிலிருந்து அப்படிப் பழகிய உடம்பு. சீருடையைக் கண்டவுடன் அது மூளையைக் கேட்காது. யோகன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். ரிக்கற்றை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தான். கிறீம் பூசாத நெற்றி கறுப்பாகத் தெரிந்தது.

நானும் எழும்பத்தான் போனேன். பெரிய சப்பாத்து, இருக்கைக்குக் கீழே ஓடிய சுடுநீர்க் குழாயில் செருகிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அதனால் இருந்தபடியே ரிக்கற்றை நீட்டினேன், மரியாதை தெரியாதவன் மாதிரி. அவர் துளை போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே போனார். குணம் அண்ணை முகத்தில் மாட்டிய சறுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நித்திரை மாதிரிக் கிடந்தார். அவருடைய தொடையில் இருந்த ரிக்கற்றை அந்த ஆளே எடுத்துத் துளைத்துத் திரும்ப வைத்தார்.

சுரங்கம் கடந்து பிரான்சின் முதல் நிலையத்தில் அந்த நீலக் கோட்டுக்காரர் இறங்கிப்போய் இரண்டு பொலிஸ்காரரிடம் ஏதோ சொன்னார். அவர்கள் ஏறி நேரே யோகனிடம் வந்தார்கள். சத்தம் ஒன்றும் இல்லை. அவன் முன்னால் போனான், அவர்கள் பின்னால். பிளாட்போமில் பனி இறுகிக் கிடந்தது. ஒரு பொலிஸ்காரருக்குக்கூட வழுக்கியது. யோகனுக்கு வழுக்கவில்லை. பழகின மாதிரியே, குதியை முதலில் வைத்து, நடந்தான். எங்கள் ஜன்னல்களைத் தாண்டித்தான் போனான். கையை நீட்டினால் கண்ணாடியில் தொட்டிருப்பான். எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர்களும் திரும்பியிருப்பார்கள். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அதற்கடுத்த ஊரில் வண்டி மாறினோம். எங்கள் கட்டைகளை ஒரு மதிலோரம் சாத்திவிட்டு வந்தோம். யோகனுடைய கட்டைகள் முதல் ரயிலின் தட்டிலேயே போய்விட்டன.

பாரிஸில் அக்கா கதவைத் திறந்தவுடன் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "அவன் எங்கை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குணம் அண்ணை, "பின்னாலை வாறான் அக்கா" என்றார். நண்டுக் கறி வைத்தார். தின்றோம். எழுத வெட்கமாக இருக்கிறது, ருசியாக இருந்தது. நாலாம் சாப்பாட்டுக் கோப்பையை அவர் மூடி வைத்திருந்தார்.

யோகனை இத்தாலிக்குத் திருப்பிவிட்டார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. கொழும்பில் இறங்கினான் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் அக்கா எத்தனையோ பேரைக் கேட்டார். இறங்கியவனை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நான் பிறகு கனடாவுக்கு வந்தேன். குணம் அண்ணை எனக்கு முன்னரே வந்துவிட்டார். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல முடியாது, எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அவர்தான். இப்போது இரண்டு பலசரக்குக் கடை, நகருக்கு வெளியே லாவாலில் வீடு. இந்த நத்தார் விடுமுறைக்கு மகனின் குடும்பத்தோடு ஆல்ப்ஸுக்குப் போய்வந்தார். மிலானில் இறங்கி, வேண்டுமென்றே அதே பாதையில் ரயில் எடுத்தாராம்.

திரும்பி வந்ததும் பேத்திக்குப் பிறந்தநாள். மண்டபத்தில் பெரிய திரையில் படங்களைப் போட்டார். பேத்தி றோஸ் ஜக்கெற்றோடு கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பிளாட்போம். அவர் மைக்கை எடுத்துக் கதை சொல்லத் தொடங்கினார். என் கடுகு நிற ஜக்கெற், கிறீம், சலவைக்காரியின் தும்புத்தடி. நன்றாகச் சொல்வார், பொய் சொல்லக்கூடாது. ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்களோடை ஒருத்தன் வந்தவன். ரிக்கற்காரனைக் கண்டிட்டு, வாத்தியாரைக் கண்ட பெடியன் மாதிரி எழும்பி நிக்கிறான். தொப்பியையும் கழட்டிப்போட்டு."

பேத்தி, "ஏன் தாத்தா, அவர் எழும்பினவர்?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள், பாவம், தட்டுத் தடுமாறி.

"அவன் ஒரு பட்டிக்காடு, பிள்ளை."

மண்டபம் இன்னும் சிரித்தது. குணம் அண்ணை என் பக்கம் கையை நீட்டினார். "உதிலை இருக்கிறார் அந்தத் தங்கச்சி. சாட்சி. தம்பி, ஒருக்கா எழும்பிக் காட்டும், அவன் எப்பிடி நிண்டவன் எண்டு."

எல்லா முகமும் என்னிடம் திரும்பியது. சண்டை பிடிக்க எனக்குத் தெரியாது. மைக்கை வாங்கி அவன் ஏன் எழும்பினான் என்று சொல்லவும் தெரியாது. நாற்காலியின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஞாபகமில்லை அண்ணை."

"என்னடா, யோகனை மறந்திட்டியோ?"

அந்த மாலை முழுவதும் 'ஒருத்தன்' ஆக இருந்தவனுக்கு அப்போதுதான் பெயர் வந்தது. அவர் முகம் ஒரு கணம் மாறியது. பேத்தி, "யோகன் ஆர்?" என்றாள். மருமகள் வந்து மெழுகுதிரி உருகுகிறது என்றாள். கேக்கை வெட்டினார்கள்.

போகும்போது வாசலில் என் தோளில் கை போட்டார். "இப்ப அங்கை ஒண்டுமில்லை, தம்பி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இருந்தபடியே போனம்."

அவரிடம் கனடாவின் நீலப் பாஸ்போட் இருக்கிறது. இல்லாதவனை இன்றைக்கும் கேட்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். "ஓம் அண்ணை" என்றுதான் சொன்னேன்.

மெட்ரோவில் ரிக்கற் பார்க்கிற சீருடைக்காரர் ஏறினால் நான் இன்னும் எழும்பிவிடுகிறேன். இப்போது செருகிக்கொள்ள எந்தக் குழாயும் இல்லை. யாராவது "மெர்சி" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் இருந்துவிடுவார்கள். நல்ல மனிதர் என்று நினைப்பார்கள்.

சின்னவர் செத்துப் போனதாகக் கேள்வி. சலவைக் கடை இருக்கிறதோ தெரியாது. அக்காவின் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம், ஆனால் அதை இப்போது எடுப்பது வேறு யாரோ. குணம் அண்ணையின் படத்தில் அந்தப் பிளாட்போமில் பொலிஸ் அறை இருந்த இடத்தில் கோப்பி மெசின் நிற்கிறது. அந்த இடத்தில் அவன் எங்கள் ஜன்னல்களைப் பார்க்காமல் நடந்து போனதைக் கண்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் கதை சொல்லும்போது அதை விட்டுவிடுகிறார். மற்றவன் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, தந்த கேக்கை வாங்கித் தின்றான்.