பட்டைக் கிடங்கில் முப்பத்திரண்டு முடிச்சுகள்

ஒரு வீட்டுப் பரணில் கரையான் ஏறிவிட்டதா என்று நாற்பது அடி தள்ளி நின்றே தெஸ்மாவதி மூக்கால் சொல்லிவிடுவாள். நாற்பது என்பது நான் கூட்டிச் சொன்னது. பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். படியில் நின்று கண்ணை மூடி இரண்டு முறை உறிஞ்சுவாள். "அக்கா, மேல கிழக்கு மூலையில வாசனை சரியில்லையே" என்பாள். வீட்டுக்காரி ஏணி எடுக்க ஓடுவாள். ஏணி வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஓர் ஆடு வேண்டும்.

எங்கள் கெரிஞ்சிப் பள்ளத்தாக்கில் எந்த வயல் யாருடையது, எந்த வாய்க்கால் எந்த ஊருக்கு என்பதெல்லாம் பரணில்தான் இருக்கிறது. எருமைக் கொம்பிலும் மூங்கிலிலும் காகிதத்திலும் எழுதியதைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, தாய்வழி வீட்டில் மேலே ஏற்றிவிடுவோம். ஆடறுத்து ஊருக்குச் சோறு போடாமல் மூட்டையை இறக்கக் கூடாது. பாட்டன்மார் பசியோடு இருக்கும்போது அவர்கள் எழுத்தை எப்படிப் படிப்பது? அதனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை திறந்தாலே அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு வீடு எரிந்தது. மூட்டையும் போயிற்று. அந்த வாய்க்காலுக்காக இரண்டு ஊர்கள் இன்றைக்கும் முகம் பார்ப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தெஸ்மாவதிக்கு அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து. எல்லா ஊர் மூட்டைகளும் ஒரே இடத்தில், நெருப்புக்கும் கரையானுக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் படிக்கக் கொடுக்க வேண்டும். நடையாய் நடந்து, காலியாகக் கிடந்த இலவங்கப்பட்டைக் கிடங்கு ஒன்றை மாவட்டத்திடம் வாங்கிவிட்டாள்.

ஆள் குள்ளம். நாற்பத்தெட்டு வயது. தலைத்துணிக்குள் எப்போதும் ஒரு பென்சில். அறுந்த செருப்பு வாரைக் கம்பியால் கட்டியிருப்பாள். யாராவது விரலை எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினால் அவளுக்குப் பொறுக்காது. "நாக்கு பட்ட விரலால உங்க தாத்தாவைத் தொடாதீங்க" என்பாள்.

முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு விருந்து. மூங்கில் குழாயில் வெந்த சோறும் இடித்துச் சுட்ட இறைச்சியுமாகத் தின்று மூன்று சுற்றுப் பெருத்தாள். அவள் ஏறினால் ஏணிகள் முனகுவதை நானே கேட்டிருக்கிறேன். விருந்து முடிந்ததும் மூட்டையைச் சால்வையால் வயிற்றோடு கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை நடையை விட மெதுவாக ஓட்டி வருவாள். குழந்தை தூங்குகிறதோ என்று சாலையில் ஆட்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்குவார்கள்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. தலைநகரில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போய் வந்தாள். துணியை எடு, பெட்டியில் வை, எண் போடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தாள். துணிகளைத் துவைத்து மடித்தும் வைத்தாள். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. அந்த வீட்டாருக்குத்தான் அதைப் போடத் தெரியும். அதுதான் கையெழுத்து, அதுதான் முத்திரை. நடக்கப் பழகுமுன்னே அவளுக்குத் தெரிந்த விஷயம், மூன்று வாரத்தில் மறந்துபோயிற்று.

கிடங்கைப் பார்க்க வந்த ஜமிருதீன் மாமா, தன் வீட்டுப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். "பதினேழாம் நம்பரா? எங்க வீட்டுக்கு நம்பர் கிடையாதும்மா, முடிச்சுதான் உண்டு. முடிச்சு இல்லாத மூட்டை திருட்டு மூட்டை." வெள்ளிக்கிழமை வந்து எல்லோரும் அவரவருடையதை எடுத்துப்போவதாக முடிவாயிற்று.

முப்பத்திரண்டாவது மூட்டை அவள் சொந்த வீட்டுப் பரணில் இருந்தது. அவள் அம்மா ராஜிமா அதை முதலிலிருந்தே தரவில்லை. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. "முப்பத்தொரு வீட்டை அவுத்துப் போட்டுட்டே. என் வீட்டையும் அவுக்கணுமாக்கும்" என்றாளாம். தப்பை வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் ஒத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு தெஸ்மாவதி படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை கிடங்கு முற்றத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் துவைத்த துணியை வைத்திருந்தாள். ஓரத்தில் ஆடு வெந்துகொண்டிருந்தது. "தப்பு பண்ணிட்டேன்," என்றாள். "உங்க முடிச்சை நீங்களே பெட்டிக்கு மேல போடுங்க. இனிமே உங்களைக் கூப்பிடாம அவுக்க மாட்டேன்." சொல்லும்போதே அவள் முகம் சிறுத்துவிட்டது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வீட்டைக் கூப்பிட்டால் அது பொதுக் காப்பகமா? இன்னொரு பரண்தானே.

துணியை யாரும் தொடவில்லை. மாமாதான் கேட்டார்: "உங்கம்மா மூட்டை எங்கேம்மா? சொந்த வீடே உன்னை நம்பலே. நாங்க எப்படி நம்புறது?"

அவள் பென்சிலை எடுப்பதும் தலைத்துணிக்குள் செருகுவதுமாக இருந்தாள்.

அப்போது ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ராஜிமா இறங்கினாள். வயிற்றில் சால்வை, சால்வைக்குள் மூட்டை. "ஆடு வெந்துடுச்சா?" என்றாள். "அதுக்கு முன்னாடியே இறக்கிட்டேன். பாட்டன்மார் வழியில கொஞ்சம் பசி தாங்கிக்குவாங்க."

தன் கையாலேயே துணியைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பெட்டியில் வைத்தாள். மேலே துணியைச் சுற்றிக் கட்டினாள். அவர்கள் வீட்டு முடிச்சில் நுனி வெளியே தெரியாது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று போட்டவளைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அவள் ஒரு நுனியை நீளமாக வெளியே தொங்கவிட்டாள். யார் இழுத்தாலும் அவிழும். தெஸ்மாவதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜமிருதீன் மாமாவும் பார்த்தார். பிறகு செருமிக்கொண்டு பதினேழாம் பெட்டியின் முன் உட்கார்ந்தார். சோறு ஆறுவதற்குள் முற்றத்தில் முப்பத்திரண்டு விதமான முடிச்சுகள், எல்லாவற்றிலும் நுனி வெளியே.

இதை எழுதி ராஜிமாவிடம் வாசித்துக் காட்டினேன். பட்டை சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆட்டையும் ஏணியையும் எப்படி வேணா கூட்டிச் சொல்லிக்கோம்மா. ஆனா நான் விட்டது ஒரு நுனி இல்ல, ரெண்டு. ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு, அவ இல்லாத அன்னைக்கு வந்து கேக்குறவங்களுக்கு."